மேலண்ணத்தை விரிக்கும் ஸ்க்ரூ: வாய் திறந்து தூங்கும் பிள்ளைக்கு உதவுமா?

“பையன் வாயைத் திறந்துகிட்டே தூங்குறான், கொறட்டை விடுறான், க்ளிப் போட்டா சரியாகிடுமா?” பெற்றோர் கேட்கும் இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் கிடையாது. க்ளிப் என்ற பெயரில் மூன்று வேறு பொருள்கள் கைமாறுகின்றன. முதலாவது, கடைவாய்ப் பற்களில் உலோக வளையம் மாட்டி, மேலண்ணத்தின் குறுக்கே நிறுத்தும் ஸ்க்ரூ, ஹைராக்ஸ் என்பார்கள். அடுத்தது, கழற்றி மாட்டும் பிளேட். அதன் நடுவிலும் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். மூன்றாவது, இணையத்தில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும் சிலிகான் ‘டிரெய்னர்’. இவற்றில் மூச்சுக்கு உருப்படியாக ஏதாவது செய்யக்கூடியது ஹைராக்ஸ்தான். அதுவும் மேலண்ணம் குறுகிய பிள்ளைக்கு மட்டும்.

வாயின் கூரைதான் மூக்கின் தரை. மேல்தாடையின் இரண்டு பாதிகளும் அண்ணத்தின் நடுவில் ஒரு தையல் கோட்டில் சேர்கின்றன. பிள்ளை வயதில் அந்தத் தையல் இன்னும் இறுகியிருக்காது. ஸ்க்ரூ அதை மெல்ல விலக்க, அண்ணத்தோடு மூக்கின் அடித்தளமும் அகலமாகிறது. நேரான குழாயில் சீராக ஓடும் காற்றுக்கு, ஆரம் 10 சதவீதம் கூடினால் எதிர்ப்பு ஏறக்குறைய 32 சதவீதம் குறையும். மூக்கு அப்படி நேரான குழாய் இல்லை. ஆனாலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஏன் முக்கியம் என்பதற்கு இந்தக் கணக்கு போதும். ஸ்க்ரூவில் விரியும் அளவு முழுவதும் மூக்குக்குப் போய்ச் சேராது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பற்களும் கொஞ்சம் வெளிப்பக்கம் சாயும்.

இந்த முறை புதிதல்ல. அமெரிக்காவில் எமர்சன் ஏஞ்செல் என்ற பல் மருத்துவர் 1860இலேயே செய்து காட்டினார். நெடுங்காலம் ஒதுக்கப்பட்டுக் கிடந்ததை ஆண்ட்ரூ ஹாஸ் 1961இல் மீட்டெடுத்தார். ஏழு வயதிலிருந்து பருவமடைவதற்கு முன்பு வரை நல்ல பலன் கிடைக்கும். அதன் பிறகு தையல் இறுகிக்கொண்டே போகும். எலும்புக்குப் பதில் பல்தான் நகரும்.

அண்ணம் குறுகலா என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். பிள்ளையைக் கடைவாய்ப் பற்களைக் கடித்துக்கொள்ளச் சொல்லிக் கன்னத்தை ஒதுக்கிப் பாருங்கள். பானை விளிம்புக்கு வெளியே மூடி படிவது போல, மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்கு வெளிப்பக்கம் இருக்க வேண்டும். மூடி பானைக்குள் இறங்கினது போல மேல்பல் உள்ளே கடித்தால் அண்ணம் குறுகல் என்று சந்தேகப்படலாம். அப்படி இல்லாத பிள்ளைக்கு ‘மூச்சு நல்லாகும்’ என்ற ஒரே காரணத்துக்காக இதைப் போடக் கூடாது. அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்ட் (பல் சீரமைப்பு மருத்துவர்) சங்கத்தின் 2019ஆம் ஆண்டு அறிக்கையும் இதையே சொல்கிறது: தாடை குறுகலாக இருந்தால் விரிக்கலாம்; தூக்கத்தில் மூச்சுத் தடை வராமல் தடுக்க முன்கூட்டியே விரிப்பதற்கு ஆதாரமில்லை.

இன்னொரு முக்கியமான விஷயம், முதலில் போக வேண்டியது காது மூக்கு தொண்டை மருத்துவரிடம். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரை பெரிதாகவே இருக்கும். டான்சிலும் பெருத்திருந்தால் அண்ணத்தை எவ்வளவு விரித்தாலும் காற்று அங்கே போய் முட்டிக்கொள்ளும். ஒவ்வாமையால் மூக்கு அடைத்த பிள்ளைக்கு உப்புநீர்க் கழுவலும், மருத்துவர் எழுதித் தரும் ஸ்பிரேயுமே பல நேரம் போதும். கொசுவத்திப் புகை, விறகடுப்புப் புகை, குவாரிப் பக்கத்துத் தூசி ஆகியவற்றிலிருந்து பிள்ளையைத் தள்ளிப் படுக்க வைப்பதும் சிகிச்சையில் சேர்த்திதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது.

போகும்போது ஒரு வீடியோ எடுத்துச் செல்லுங்கள். தூங்கி ஒரு மணி நேரமாவது ஆன பிறகு, போர்வையை விலக்கி, முகமும் நெஞ்சும் தெரியும்படி சத்தத்தோடு இரண்டு நிமிடம் எடுத்தால் போதும். மூச்சு நின்று நின்று வருகிறதா, நெஞ்சுக்குழி உள்ளே இழுக்கிறதா, கழுத்தை அண்ணாந்து வைத்துத் தூங்குகிறதா என்பதை மருத்துவர் அதில் பார்ப்பார். வாரத்தில் மூன்று இரவோ அதற்கு மேலோ கொறட்டை இருந்தால் காத்திருக்க வேண்டாம். தூக்கத்தில் மூச்சுத் தடையை உறுதிசெய்வது இரவுத் தூக்கப் பரிசோதனை. பிள்ளைகளுக்கு மணிக்கு ஒரு தடவைக்கு மேல் தடை வந்தாலே அது இயல்பல்ல. இதற்கு பெங்களூர் வரை போக வேண்டி வரலாம். ஸ்கேனில் மூச்சுக்குழலை வண்ணத்தில் காட்டி ‘இவ்வளவு குறுகல்’ என்று சொல்வது அந்தப் பரிசோதனைக்கு ஈடாகாது. தலையை அசைத்தாலும் விழுங்கினாலும் அந்த அளவு மாறிவிடும்.

இனி ஹைராக்ஸுக்கு வருவோம். முதலில் கடைவாய்ப் பற்களுக்கு இடையே ரப்பர் வளையம் வைத்து, ஒரு வாரம்போல விட்டு இடம் உண்டாக்குவார்கள். பிறகு உலோக வளையத்தை அளவு பார்த்து அச்சு எடுப்பார்கள். அடுத்த முறை சிமென்ட் வைத்து ஒட்டுவார்கள். சாவியால் ஒரு திருப்பு என்றால் சுமார் 0.25 மில்லிமீட்டர். வழக்கமாகக் காலை ஒன்று, இரவு ஒன்று. 14 நாளில் 7 மில்லிமீட்டர். எத்தனை நாள் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார்.

திருப்புவது வீட்டாரின் வேலை, தவறு நடப்பதும் அங்கேதான். பிள்ளையின் தலையை மடியில் வைத்து, ஒருவர் மொபைல் டார்ச் பிடிக்க, இன்னொருவர் திருப்ப வேண்டும். சாவியில் ஒரு முழத்துக்குக் குறையாத நூலைக் கட்டி மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளுங்கள்; கைநழுவினால் தொண்டைக்குள் போகாது. முன்பக்கத் துளையில் சாவியை நுழைத்துத் தொண்டைப் பக்கமாகத் தள்ள வேண்டும். அடுத்த துளை முன்னால் முழுதாகத் தெரிந்தால்தான் திருப்பு முடிந்தது. பாதியில் விட்டால் அடுத்த முறை சாவி நுழையாது. சாவியை எடுக்கும்போது முன்பக்கமாக இழுத்தால் ஸ்க்ரூ திரும்பப் பின்வாங்கிவிடும். பின்பக்கமாகச் சாய்த்து மெதுவாக உருவ வேண்டும். ஒவ்வொரு திருப்பையும் காலண்டரில் குறியுங்கள். ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளை இரண்டாகச் சேர்த்துத் திருப்பக் கூடாது.

திருப்பியதும் மூக்குத் தண்டிலும் பல்லிலும் சில நிமிடம் அழுத்தம் தெரியும். ஒரு வாரத்துக்குள் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழும். பயந்து திருப்புவதை நிறுத்துகிறவர்கள் உண்டு. ஆனால் தையல் விலகுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். சில மாதங்களில் அது தானே மூடிக்கொள்ளும். பத்து நாளாகியும் இடைவெளியே இல்லை, வலி மட்டும் கூடுகிறது என்றால் திருப்பாமல் மருத்துவரிடம் போங்கள்.

போதுமான அளவு விரிந்ததும் ஸ்க்ரூவைப் பூட்டிவிடுவார்கள். அதன்பிறகும் கருவி ஆறு மாதம்போல வாயிலேயே இருக்க வேண்டும், விலகிய இடத்தில் புது எலும்பு நிரம்ப அவ்வளவு காலமாகும். ‘அதான் விரிஞ்சுடுச்சே’ என்று மூன்றாவது மாதத்திலேயே கழற்றச் சொன்னால் அண்ணம் திரும்பச் சுருங்கும். முதல் வாரம் எச்சில் ஊறும், பேச்சு குழறும். தினமும் பாடத்தை வாய்விட்டுப் படித்தால் சீக்கிரம் பழகும். களி, கூழ், தயிர்சாதம் எல்லாம் கவலையில்லை. கீரை நார் ஸ்க்ரூவில் சுற்றிக்கொள்ளும், ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீர் பீச்சிக் கழுவுங்கள். கடலை மிட்டாய், எள்ளுருண்டை, கரும்பு, மாங்கொட்டை கடிப்பது இந்த ஆறு மாதமும் கூடாது. வளையம் தளர்ந்தால் சிமென்ட் கரைந்து அடியில் பல் சொத்தையாகும். ஆடுவது தெரிந்த அன்றே போக வேண்டும்.

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு மட்டும் இன்னொரு எச்சரிக்கை. நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்த பகுதி இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததே அதனால்தான். போர் தண்ணீர் குடித்து வளர்ந்து பல்லில் காவி, வெள்ளைத் திட்டு விழுந்த பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அந்த எனாமலில் பசை சரியாகப் பிடிக்காது. பல்லைச் சுற்றி வளையம் மாட்டும் வகை, பல் மேல் அப்படியே ஒட்டும் வகை இரண்டும் உண்டு. இப்படிப்பட்ட பிள்ளைக்கு வளைய வகையைக் கேளுங்கள்.

கழற்றி மாட்டும் பிளேட், பற்கள் மட்டும் சற்று உள்ளே சாய்ந்த பிள்ளைக்குச் சரி. எலும்பைவிடப் பல்லைத்தான் அது அதிகம் தள்ளும். பள்ளியில் சாப்பிடும்போது காகிதத்தில் மடித்து வைத்துத் தொலைத்துவிடுவதும் அடிக்கடி நடப்பது. சிலிகான் டிரெய்னரை மூச்சுக்காக வாங்கவே வேண்டாம். அதில் தையலை விலக்கும் விசையே இல்லை. மூக்கு அடைத்த பிள்ளையின் வாயில் இரவு முழுக்க அதை வைப்பது, மிச்சமிருக்கும் ஒரே வழியையும் அடைப்பதாகும். வாயில் டேப் ஒட்டுவதும் அப்படித்தான். பிள்ளைகளுக்கு அது ஆபத்து. மூக்கு தெளிவான பிறகு உதடு மூடிப் பழக, மருத்துவர் சொன்னால் டிரெய்னரைப் பயன்படுத்தலாம். அவ்வளவுதான் அதன் இடம்.

மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது எம்.டி.எஸ். ஆர்த்தோடான்டிக்ஸ் படித்தவரா என்று கேளுங்கள். நம் ஊர்களில் பலர் மாதம் ஒருமுறை வந்து போகும் விசிட்டிங் டாக்டர்கள். பல் வரிசை கட்டும் சாதாரண க்ளிப்புக்கு அது ஒத்துவரும். ஆனால் ஸ்க்ரூ திருப்பும் வாரங்களில் வாரம் ஒருமுறை யாராவது வாயைப் பார்த்தாக வேண்டும். அங்கேயே இருக்கும் பல் மருத்துவர் பார்த்துப் படம் அனுப்புவாரா, வளையம் கழன்றால் அன்றே ஒட்டித் தருவாரா என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். மொத்தம் 10 முதல் 12 முறை வர வேண்டியிருக்கும். பென்னாகரம், அஞ்செட்டி மாதிரி தூரத்திலிருந்து வருகிறவர்கள் திருப்பும் இரண்டு மூன்று வாரத்தைக் கோடை விடுமுறையில் வைத்துக்கொண்டால் பள்ளி கெடாது.

திருப்பி முடித்த மூன்றாவது மாதத்தில், முன்பு எடுத்த அதே நிலையில் இன்னொரு தூக்க வீடியோ எடுங்கள். கொறட்டை குறைந்திருந்தால் நல்லது. அப்படியே இருந்தால் ஸ்க்ரூவை மேலும் திருப்பச் சொல்லிக் கேட்காமல், இரண்டு வீடியோவையும் எடுத்துக்கொண்டு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் திரும்பப் போங்கள்.