சண்டிகர் கேப்பிடல் காம்ப்ளெக்ஸ் வழிகாட்டிச் சுற்றுலா: போகலாம், வெயிலுக்கு முன்

பிரிவினையில் லாகூரை இழந்த பஞ்சாபுக்கு எழுப்பிய தலைநகரின் தலைப்பகுதி இது; உயர்நீதிமன்றம், சட்டமன்றம், தலைமைச் செயலகம் எல்லாம் இங்கேதான். சுவிஸ்-பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேயின் வடிவமைப்பு. 2016 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். தனியாக உள்ளே விடமாட்டார்கள். செக்டார் 1 சுற்றுலா மையத்தில் அசல் அடையாள அட்டையைக் காட்டிப் பதிந்தால் வழிகாட்டியோடு அனுப்புவார்கள்.

நின்று பார்க்க வேண்டியது உயர்நீதிமன்றம். பச்சை, மஞ்சள், சிவப்புத் தூண்கள் மூன்றும் எல்லாப் படத்திலும் உண்டு. அவற்றை விட்டுவிட்டு மேலே பாருங்கள். கட்டடத்துக்கு மேல் குடை பிடித்த மாதிரி இன்னொரு கூரை. நடுவில் காற்று ஓடுவதால் மேல்தளச் சூடு உள்ளே இறங்குவது குறையும். முகப்பில் உள்ள கான்கிரீட் வெயில் தடுப்புகளின் வேலையும் அதுதான். ஆனால் நீதிமன்ற அறைகளின் வாசலில் நிற்க நிழலில்லை, மழைக்கு ஒதுங்க இடமில்லை. அதனால் பிறகு தாழ்வாரம் சேர்த்தார்கள். மேதைகளும் திண்ணையை மறப்பார்கள்! அறைகளுக்குள் எதிரொலியை அடக்கத்தான் சுவரில் தொங்கும் பெரிய நெய்த திரைகள். வழிகாட்டி சொல்லாவிட்டால் வெறும் அலங்காரமென்று கடந்துவிடுவோம்.

பெரிய குறை மைதானம். நீதிமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் இடையே ஏறக்குறைய அரை கிலோமீட்டர் கான்கிரீட் வெளி, மர நிழலே கிடையாது. மக்கள் கூடவென்று வரைந்த இடத்தில் இப்போது பாதுகாப்புத் தடுப்புகள்தான் அதிகம். 254 மீட்டர் நீளத் தலைமைச் செயலகத்தை வெளியிலிருந்து பார்த்தாலே போதும். 26 மீட்டர் உயரத் 'திறந்த கை' சின்னம் 1985-ல்தான் வந்தது.

காலை நேரச் சுற்றையே கேளுங்கள். தொப்பி, தண்ணீர் கட்டாயம். எங்கே படமெடுக்கலாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.