கிட் இப்போது எங்கே இருக்கிறது? தடயப் பெட்டியைத் தொடரும் தளத்துடன் சில ஆண்டுகள்

பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு மருத்துவமனையில் எடுத்த தடயங்கள் எங்கே போயின, யார் கையில் நிற்கின்றன என்பதைப் பாதிக்கப்பட்டவரே இணையத்தில் பார்த்துக்கொள்ளும் வசதி அமெரிக்காவின் பல மாநிலங்களில் வந்துவிட்டது. நான் இங்கே ஒரு நெருக்கடி உதவி மையத்தில் சில ஆண்டுகளாகத் தன்னார்வத் துணையாளராக இருக்கிறேன். அழைப்பு வந்தால் மருத்துவமனைக்குப் போய்ப் பரிசோதனை முடியும்வரை பாதிக்கப்பட்டவருடன் இருப்பது, பிறகு மாதக்கணக்கில் அவர் கூப்பிடும்போது பேசுவது, இவ்வளவுதான் என் வேலை. இந்தத் தளத்தை அந்த வழியில்தான் எனக்குத் தெரியும். எனக்கென்று அதில் கணக்கு கிடையாது, இருக்கவும் கூடாது. அவராக ஃபோனை நீட்டினால் பார்ப்பேன். எந்த மாநிலம், எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை. கீழே வரும் ஆட்களின் விவரங்களையும் கலைத்துப் போட்டிருக்கிறேன்.

கிட் என்பது முத்திரை வைத்த ஒரு சாதாரண அட்டைப் பெட்டி. பயிற்சி பெற்ற தடயவியல் செவிலியர் உடலின் பல இடங்களில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுப்பார். நகத்தடி, முடி, அன்று போட்டிருந்த உடை எல்லாம் தனித்தனிக் காகித உறைகளில் போகும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும் என்பதால் காகிதம்தான். மூன்று நான்கு மணி நேரம் ஆகலாம். பல மாநிலங்களில் சம்பவம் நடந்து 120 மணி நேரம் வரை, அதாவது 5 நாள் வரை எடுக்கிறார்கள். ஆகவே குளித்துவிட்டோமே, இரண்டு நாள் ஆகிவிட்டதே என்று யாரும் போகாமல் இருக்க வேண்டாம்.

இப்படி ஒரு பெட்டி வேண்டும் என்று 1970-களில் சிகாகோவில் அலைந்து திரிந்து உருவாக்கியவர் மார்த்தா காடார்ட். பல ஆண்டுகள் அந்தப் பெட்டிக்கு இருந்த பெயர் ஒரு போலீஸ் சார்ஜன்ட்டுடையது. அது தனிக் கதை.

பெட்டியை மூடிய பிறகு நடந்ததுதான் பெரிய அநியாயம். 2009-இல் டெட்ராய்ட் போலீசின் ஒரு சேமிப்புக் கிடங்கில் 11,000-க்கும் மேற்பட்ட கிட்கள் கவனிப்பாரற்றுக் கிடந்தது தெரியவந்தது. அதில் பலவற்றை ஆய்வகத்துக்கே அனுப்பவில்லை. மாவட்ட அரசு வழக்கறிஞர் கிம் வொர்தி விடாப்பிடியாக நின்று பணம் திரட்டி அவற்றைப் பரிசோதிக்க வைத்தார். நூற்றுக்கணக்கான தொடர் குற்றவாளிகள் இருப்பது அப்போதுதான் வெளியே வந்தது. டல்லாஸில் 1985-இல் 13 வயதில் தாக்கப்பட்ட லவினியா மாஸ்டர்ஸின் கிட் சுமார் இருபது ஆண்டுகள் அலமாரியில் இருந்தது. ஆளை அடையாளம் கண்டபோது வழக்குத் தொடரும் காலவரம்பு கடந்துவிட்டது. போலீஸ் 30 நாளில் கிட்டை அனுப்ப வேண்டும், ஆய்வகம் 90 நாளில் முடிக்க வேண்டும் என்று டெக்சஸ் 2019-இல் கொண்டுவந்த சட்டத்துக்கு லவினியாவின் பெயரைத்தான் வைத்தார்கள்.

அந்த ஆண்டுகளில் எல்லாம் "என் கிட் எங்கே?" என்று கேட்க வேண்டுமானால் விசாரணை அதிகாரிக்கு ஃபோன் போட வேண்டும். அவர் எடுக்க வேண்டும். எடுத்தாலும், தன் கதையை முதலிலிருந்து மறுபடி சொல்ல வேண்டும். பார்சல் போல ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஸ்கேன் செய்தால் என்ன என்ற யோசனை டெட்ராய்ட்டிலேயே யூபிஎஸ் என்ற பார்சல் நிறுவனத்தின் உதவியுடன் சோதித்துப் பார்க்கப்பட்டது. மாநிலம் முழுவதற்குமான ஏற்பாட்டில் முந்திக்கொண்டது மக்கள்தொகையில் சின்ன மாநிலமான ஐடஹோ. 2016-இல் சட்டம், அடுத்த ஆண்டு தளம். ஐடஹோ மாநில போலீஸ் அந்த மென்பொருளைத் தானே எழுதி, வேண்டும் என்ற மற்ற மாநிலங்களுக்கும் இலவசமாகக் கொடுத்தது.

சரி, தளத்துக்கு வருகிறேன். பரிசோதனை முடிந்ததும் செவிலியர் ஒரு சீட்டு தருவார். அதில் கிட்டின் எண், தளத்தின் முகவரி, உள்ளே போகும் வழி இருக்கும். தளத்தில் பெயரோ பிறந்த தேதியோ கிடையாது. எண் மட்டும்தான் ஆள். உள்ளே போனால் தெரிவது ரொம்பக் கொஞ்சம்: மருத்துவமனையில் எடுக்கப்பட்டது, போலீஸ் பெற்றுக்கொண்டது, ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டது, ஆய்வகம் பெற்றது, ஆய்வு முடிந்தது, போலீசின் காப்பறைக்குத் திரும்பியது. ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு தேதி.

முதலில் பார்த்தபோது இதற்கா இவ்வளவு என்று எனக்குத் தோன்றியது. போகப் போகப் புரிந்தது: அந்தத் தேதிகளால் ஆகும் வேலை பெரிது. ஒரு பெண்ணுக்கு வாரக்கணக்கில் "போலீஸ் பெற்றுக்கொண்டது" என்றே காட்டிக்கொண்டிருந்தது. சட்டத்தில் அனுப்ப வேண்டிய கெடு தாண்டிவிட்டது. அவர் அதிகாரியை அழைத்து, "இந்தத் தேதியில் வாங்கியிருக்கிறீர்கள், இன்னும் அனுப்பவில்லை, ஏன்?" என்று கேட்டார். அழவில்லை, கெஞ்சவில்லை. அந்த வாரமே நகர்ந்தது. தேதி கையில் இல்லாமல் அதே அழைப்பைச் செய்தவர்களுக்குக் கிடைக்கும் பதில் எனக்குத் தெரியும்: "பார்த்துக்கொண்டிருக்கிறோம், அழைக்கிறோம்."

இந்த ஒன்றுக்காகவே தளத்தை எல்லோருக்கும் சொல்கிறேன். யார் தயவையும் எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. நள்ளிரவில் தூக்கம் வராதபோதும் பார்க்கலாம். ஒரு வருடம் பார்க்காமலும் இருக்கலாம், யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை.

ஆனால் இது பெட்டியின் இருப்பிடத்தைச் சொல்லும் தளம். வழக்கின் நிலையை இதில் தேடினால் அடிபடுவோம். அதிகம் குழப்பும் வரி "ஆய்வு முடிந்தது". கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர் அதைப் பார்த்த கையோடு என்னை அழைத்தார்.

"அக்கா, முடிஞ்சதுன்னு போட்டிருக்கு. அவன் மாட்டிக்கிட்டானா?"

"இல்லம்மா. லேப் வேலை முடிஞ்சிருக்கு, அவ்வளவுதான். என்ன வந்துச்சுன்னு இதுல தெரியாது."

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு, "அப்ப எதுக்கு முடிஞ்சதுன்னு போடறாங்க?" என்றார். நியாயமான கேள்வி. முடிவு ஆய்வகத்திலிருந்து போலீசுக்குப் போகும். மரபணு விவரம் தகுதியானதாக இருந்தால் எஃப்பிஐ நடத்தும் கோடிஸ் என்ற தேசியத் தரவுத்தளத்தில் ஏற்றுவார்கள். பொருத்தம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். மாதிரியில் வேறொருவரின் மரபணு அகப்படாமலும் போகலாம், அதற்காக அவர் சொன்னது பொய்யாகிவிடாது. தெரிந்த ஆள் "சம்மதத்தோடு நடந்தது" என்று சொல்லும் வழக்கில் மரபணு தீர்க்கக்கூடியது குறைவுதான். இவற்றில் ஒன்றும் திரையில் வராது. வரவும் வேண்டாம் என்றே நினைக்கிறேன். அந்தச் செய்தியை ஒரு ஆள், எதிரில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். ஆனால் "ஆய்வு முடிந்தது" என்பதன் கீழே "முடிவை அறிய உங்கள் விசாரணை அதிகாரியைக் கேளுங்கள்" என்று ஒரு வரி இருந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். இப்போதெல்லாம் சீட்டைக் கையில் கொடுக்கும் அன்றே அந்த வரியை நான் வாயால் சொல்லிவிடுகிறேன்.

"காப்பறைக்குத் திரும்பியது" என்பதும் அப்படித்தான். வழக்கை மூடிவிட்டார்கள் போல என்று பதறுவார்கள். ஆய்வு முடிந்த பெட்டி போலீசிடம் திரும்புவது வழக்கமான நடைமுறை.

குறுஞ்செய்தி, மின்னஞ்சல் அறிவிப்பு வைத்துக்கொள்ளும் வசதி சில தளங்களில் உண்டு. எடுத்த எடுப்பில் வேண்டாம் என்பது என் கருத்து. அலுவலகக் கூட்டத்தின் நடுவே, குழந்தையைப் பள்ளியில் விடும்போது, எந்நேரமும் அது வந்து விழும். தானே போய்ப் பார்ப்பது வேறு, அது தேடி வந்து தட்டுவது வேறு. சிலருக்கு இதற்கு நேர்மாறு: தினமும் திறந்து திறந்து பார்த்து நோகிறவர்களுக்கு அறிவிப்புதான் நிம்மதி. அவரவர் மனசுக்கு விட வேண்டியது.

நம் ஆட்களுக்கென்று சில விஷயங்கள். குடும்பமாக ஒரே ஃபோன் திட்டம், கணவரின் பெயரில் மின்னஞ்சல், லேப்டாப்பில் சேமித்து வைத்த கடவுச்சொல், இதெல்லாம் நம் வீடுகளில் சகஜம். தாக்கியவர் அதே வீட்டில் இருந்தால் இது ஆபத்து. புது மின்னஞ்சல் ஒன்று தொடங்குங்கள், நூலகக் கணினியிலோ நம்பகமான தோழியின் ஃபோனிலோ பாருங்கள். சீட்டை மையத்திலேயே பத்திரமாக வைத்துக்கொள்ளவும் சில இடங்களில் சம்மதிப்பார்கள். அந்தச் சீட்டைப் படம் எடுத்து எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போட வேண்டாம், அக்கா தங்கை மட்டும் இருக்கும் குழுவானாலும்.

கணவர் செய்தது எப்படிக் குற்றமாகும் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இங்கே 1993-க்குள் 50 மாநிலங்களிலும் அது குற்றமாகிவிட்டது. சார்ந்திருப்போர் விசாவில் வந்தவர்கள் அதிகம் பயப்படுவது போலீசுக்கு. வயது வந்தவர்கள் போலீசில் புகார் தராமலேயே கிட் எடுத்துக்கொள்ளலாம், பரிசோதனைக்குக் கட்டணமும் கிடையாது. புகார் தராதவர்களின் கிட் ஆய்வுக்குப் போகாமல் ஓரிடத்தில் காத்திருக்கும். எத்தனை காலம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மாசசூசெட்ஸில் அமாண்டா நுயென் தன் கிட்டை அழிக்காமல் இருக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அந்தக் கொடுமையிலிருந்துதான் அவர் போராட்டம் கிளம்பியது. 2016-இல் வந்த கூட்டரசுச் சட்டத்தின்படி கிட்டை 20 ஆண்டுகள் அல்லது காலவரம்பு முடியும்வரை, இரண்டில் குறைந்தது எதுவோ அதுவரை, வைத்திருக்க வேண்டும். எழுதிக் கேட்டிருந்தால் அழிப்பதற்கு 60 நாள் முன்பே தெரிவிக்கவும் வேண்டும். அது கூட்டரசு வழக்குகளுக்கு. மற்றவற்றுக்கு மாநிலச் சட்டம்தான். ஆகவே புகார் தராதவர்கள் தளத்தில் முதலில் தேட வேண்டியது எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள் என்ற தகவலை. அங்கே இல்லாவிட்டால் மையத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மொழி ஒரு குறை. ஆங்கிலம், பல இடங்களில் ஸ்பானிஷ், அதோடு சரி. தமிழில் எதிர்பார்க்க முடியாது. இருப்பதே ஆறேழு வரிகள், அவற்றை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்துவிடுகிறோம், சமாளிக்க முடிகிறது. எரிச்சல் தருவது வேறொன்று: ஸ்கேன் செய்ய மறந்தால் தளம் பழைய இடத்தையே காட்டும். பெட்டி ஆய்வகத்தில் இருக்கும், திரை இன்னும் போலீஸ் என்றே காட்டும். எந்தத் துறை என்று இங்கே சொல்லவில்லை, ஆனால் தேதி தாமதமாக ஏறுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். எனவே ஒரு வரி நகரவில்லை என்றால் ஒரு அழைப்பு போட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

இந்தியாவிலிருந்து தோழிகள் இது நமக்கு உண்டா என்று கேட்கிறார்கள். பாதிக்கப்பட்டவர் தானே திறந்து பார்க்கும்படியான ஏற்பாட்டை நான் அங்கே கண்டதில்லை. மத்திய உள்துறை 2019-இல் கொண்டுவந்த பாலியல் குற்ற விசாரணைக் கண்காணிப்புத் தளம் காவல்துறையினர் பார்ப்பதற்கு. ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற நடைமுறைச் சட்டத்தின் 193-ஆம் பிரிவு, விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதைப் புகார் தந்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது. மின்னணு வழியிலும் தெரிவிக்கலாம். மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போன தேதியையும் அப்போது எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உதவிக்கு 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது.

கடைசியாக, தளம் வருவதற்கு முன் கிட் எடுத்தவர்கள். பல மாநிலங்களில் பழைய கிட்கள் இதில் ஏறியிருக்காது, எண் எழுதிய சீட்டும் உங்களிடம் இருக்காது. புகார் தந்த காவல் நிலையத்தையோ மாநில ஆய்வகத்தையோதான் கேட்க வேண்டும். நேரடியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானோருக்கு உதவும் ரெய்ன் என்ற அமெரிக்க அமைப்பின் 800-656-4673 எண்ணை அழைத்தால் உங்கள் பகுதி மையத்துடன் இணைப்பார்கள், அங்கிருந்து ஒருவர் உங்களுக்காகக் கேட்பார். எந்த மருத்துவமனை, எந்த மாதம் என்று நினைவிருந்தால் போதும், தேடத் தொடங்கலாம்.