ஜெராக்ஸ் கடை மாடி பிசிக்ஸ் டியூஷன்: நான்கு கிளாஸ் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு

போர்டு கிடையாது. தண்டையார்பேட்டை மெட்ரோவில் இறங்கி டி.எச். ரோட்டைத் தாண்டி சந்துக்குள் போய், பிசிக்ஸ் சார் வீடு எது, ஜெராக்ஸ் கடை மாடியா என்று கேட்டால் யாராவது காட்டுவார்கள். பிளஸ் ஒன், பிளஸ் டூ பிசிக்ஸ் மட்டும்தான், மாதம் 1,200 ரூபாய், அட்வான்ஸ் இல்லை. இரண்டு மாதமாகப் பையனை அனுப்புகிறேன். நானும் நான்கு நாள் பின்பெஞ்சில் உட்கார்ந்தேன், சார் ஒன்றும் சொல்லவில்லை.

இதற்கு முன்னால் ஒரு பெரிய கோச்சிங் சென்டரில் போட்டு வைத்திருந்தேன். ஏசி ரூம், பை, டி-ஷர்ட் எல்லாம் கொடுத்தார்கள். எறிபொருள் இயக்கம், அதாவது எறிந்த பொருள் எப்படிப் பறந்து விழுகிறது என்ற பாடம் வந்தபோது ஒரு பக்க ஃபார்முலா ஷீட்டும் கொடுத்தார்கள்: பறக்கும் நேரம், பெரும உயரம், கிடைத்தள நெடுக்கம் (எவ்வளவு தள்ளி விழும்). கணக்கைப் பார், எது கேட்டிருக்கிறானோ அந்த ஃபார்முலாவை எடு, எண்ணைப் போடு, அவ்வளவுதான் பாடம். பையனும் போட்டான், மார்க்கும் வந்தது. கேள்வி கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொண்டால் மட்டும் காலி.

இங்கே முதல் நாள் ஃபார்முலாவே இல்லை. டேபிள் விளிம்பில் ஒரு கேரம் காயினை வைத்தார், விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஸ்கேல் முனையில் இன்னொன்று. ஸ்கேலை ஒரு தட்டுத் தட்டினார். ஒன்று நேராகக் கீழே விழுந்தது, மற்றது ரூமின் பாதி தூரம் பறந்தது, ஆனால் கேட்டது ஒரே ஒரு 'டக்'. நம்பாதவன் வந்து தட்டிப் பார் என்று விட்டுவிட்டார், அரை மணி நேரம் அதிலேயே போனது, எனக்கே கை பரபரத்தது. பக்கவாட்டில் ஓடுவது ஒரு கணக்கு, மேலே கீழே போவது தனிக் கணக்கு, இரண்டுக்கும் பொது கடிகாரம் மட்டும்தான் என்பதைக் காதால் கேட்டுவிட்டால் அப்புறம் மறக்காது. கலிலியோ 1638லேயே இதைப் பிரித்து எழுதி, பாதை பரவளையம் என்ற வளைகோடு என்று காட்டிவிட்டார், நீ இன்னும் ஃபார்முலாவைக் கட்டிக்கொண்டு அழுகிறாயே என்பார் சார்.

இன்னொரு நாள் பையனை எழுப்பி, "டேய், பந்து மேலே போறப்ப அதைத் தள்ளுறது யாரு?" என்று கேட்டார். வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடுகிறவன், தைரியமாக "உதைச்ச ஃபோர்ஸ் சார்" என்றான். "காலை எடுத்துட்டியே, உன் கால் பந்து கூடவே போவுதா?" கிளாஸ் சிரித்தது. காலை விட்டதும் பந்தின் மேல் இருப்பது புவியீர்ப்பு ஒன்றுதான், அதுவும் கீழ்நோக்கி மட்டும், அதனால் பக்கவாட்டு வேகம் மாறுவதில்லை, உச்சியில் பூஜ்யமாவது மேல்நோக்கிய வேகம் மட்டும்தான். உச்சியில் பந்தே நின்றுவிடும் என்று நானும் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன், வெளியில் சொல்லவில்லை.

அப்புறம் வந்ததுதான் எனக்குப் பிடித்த கணக்கு. தரையிலிருந்து வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில், 30 டிகிரியில் ஒரு உதை. அந்த வேகத்தைப் பிரித்தால் மேல்நோக்கி 10, பக்கவாட்டில் 17.3. புவியீர்ப்பு முடுக்கம் g 10 என்று வைத்தால் மேலே போக 1 வினாடி, இறங்க 1 வினாடி, 34.6 மீட்டர் தள்ளி விழும். சரி. இதே உதையை 15 மீட்டர் உயர ஹவுசிங் போர்டு மொட்டை மாடியிலிருந்து உதைத்தால்? பையன் ஷீட்டில் இருந்த ஃபார்முலாவைப் போட்டு அதே 34.6 என்று நீட்டினான். கிளம்பிய மட்டத்திலேயே திரும்ப விழுந்தால்தான் அந்த ஃபார்முலா செல்லும், இந்த ஒரு வரி அந்த ஷீட்டில் எங்கேயும் இல்லை.

மறுபடி போடச் சொன்னார். 15ஐ பிளஸாகப் போட்டான், வர்க்கமூலத்துக்குள் மைனஸ் வந்து முழித்தான். மேலே பிளஸ் என்று நீதானே முடிவு பண்ணினாய், தரை கீழேதானே இருக்கிறது என்று அவன் வாயாலேயே மைனஸ் 15 என்று வரவைத்தார். இப்போது நேரம் t என்றால் t வர்க்கம் − 2t − 3 = 0, விடை 3 அல்லது −1. 3 வினாடி, 17.3 வீதம், கிட்டத்தட்ட 52 மீட்டர். −1ஐ அடித்துவிடப் போனவனை நிறுத்தினார். இதே பாதையில் வர வேண்டுமானால் 1 வினாடிக்கு முன்னால் பந்து தரையிலிருந்து கிளம்பியிருக்க வேண்டும், அதைத்தான் அந்த −1 சொல்கிறது, மாடியில் நீ உதைத்தது கணக்குக்கு எப்படித் தெரியும் என்றார். பையன் அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதையே பேசிக்கொண்டு வந்தான்.

குறை இல்லாமல் இல்லை. ஒரு ஹாலில் முப்பது பிள்ளைகளுக்கு மேல், இரண்டு ஃபேன், அதில் ஒன்று சத்தத்துக்கு மட்டும். எல்லாவற்றுக்கும் g 10தான், புத்தகத்தில் 9.8, மேலே சொன்ன 34.6 அங்கே 35.3 ஆகிவிடும், பரீட்சையில் எதைப் போடுவது என்று பையன் கேட்டதற்கு "கேள்வியில கொடுத்ததைப் போடு" என்று முடித்துவிட்டார், எழுதிக் காட்டியிருக்கலாம். காற்றுத் தடையையும் ஒரே வரியில் தாண்டிவிடுகிறார். கிரவுண்டில் உதைக்கிற பந்து கணக்கில் வரும் தூரம் போவதில்லையே, சுற்றிவிட்டால் வளைகிறதே என்று ஆடுகிற பையன்கள் கேட்கத்தான் செய்வார்கள், "அதெல்லாம் காலேஜ்ல" என்று சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. வேகமும் குறைவு. நீட்டுக்கு ஒரு நிமிஷத்தில் ஒரு கேள்வி என்று ஓடுகிற பிள்ளைகளுக்கு இந்த இடம் மட்டும் போதாது, அவர்கள் வேறெங்காவது டெஸ்ட் எழுதிக்கொள்ள வேண்டும்.

சாயங்கால பேட்ச் நிரம்பிவிட்டது, காலை ஆறரை பேட்சில் இடம் இருக்கிறதாம். பைக் நிறுத்த இடம் இல்லை. முதல் நாள் காசு வாங்க மாட்டார், பையனோடு நீங்களும் போய் உட்காருங்கள், காயினைத் தட்டிப் பார்க்க உங்களுக்கும் ஒரு வாய்ப்பு கிடைக்கும்.