தலைப்பு வரும் முன்னே, திருத்தம் வரும் பின்னே: அறிவியல் செய்தியோடு நெடுநாள் குப்பை கொட்டிய அனுபவம்

ரைஸ் குக்கருக்கும் ஏசிக்கும் அனுபவப் பகிர்வு எழுத ஆள் இருக்கிறார்கள். நான் வீட்டில் உள்ள எந்தச் சாமானையும் விட அதிகமாகப் பாவிப்பது அறிவியல், தொழில்நுட்பச் செய்தியைத்தான். விலை இல்லை, டேட்டா காசு மட்டும். உத்தரவாத அட்டை கிடையாது. காலையில் வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ்ஸைப் பிடித்தால் கோட்டை வரும்வரை போனில் இதுதான். பிறகு கந்தோரில் பிளேன்ரீ நேரம் இதைப் பற்றியே கதை. நியூட்ரினோ என்ற நுண்துகள் ஒளியை முந்தியதாகச் செய்தி வந்த காலத்துப் பாவனையாளன் நான். ஆகவே இது பெட்டியைப் பிரித்த கையோடு எழுதும் விமர்சனம் அல்ல.

அந்த நியூட்ரினோவையே முதலில் எடுக்கிறேன். 2011 செப்டெம்பர். ஜெனீவாவுக்குப் பக்கத்தில் சேர்ன் என்ற துகள் ஆய்வு நிலையத்திலிருந்து கிளம்பிய துகள்கள், 730 கிலோமீட்டர் நிலத்தடியால் போய் இத்தாலியின் கிரான் சாசோ மலைக்குக் கீழுள்ள ஆய்வுகூடத்தை அடைந்தன. ஒளி எடுக்கும் நேரத்தை விட 60 நானோசெக்கன் முந்திப் போய்விட்டன என்று கணக்கு வந்தது. ஒளியை எதுவும் முந்தாது என்ற ஐன்ஸ்டைனுக்கு உடனே எட்டுச்செலவு நடத்தாத பத்திரிகை இல்லை. 2012இல் காரணம் பிடிபட்டது: ஒரு ஃபைபர் ஒப்டிக் வயர் சரியாக இறுக்கப்படவில்லை. எங்கள் கந்தோர் ஐ.டி. தம்பிக்கு அன்றைக்கு வந்த பெருமை சொல்லி மாளாது. "அண்ணை, நாங்க எப்பவும் முதல்ல வயரைத்தான் செருகிப் பாப்பம். அவங்கள் ஐன்ஸ்டைனைக் கழட்டிப் பாத்திருக்கிறாங்கள்" என்றான்.

அந்தப் பரிசோதனையைச் செய்த குழுவின் மேல் பழி போடுவது நியாயம் இல்லை. ஐன்ஸ்டைனை வென்றுவிட்டோம் என்று அவர்கள் மார்தட்டவே இல்லை. எங்கே பிழை என்று எங்களுக்குப் பிடிபடவில்லை, நீங்களும் பாருங்கள் என்றுதான் மற்ற விஞ்ஞானிகளைக் கேட்டார்கள். மார்தட்டியது தலைப்பு. இந்தச் சாமானில் அதுதான் சங்கதி. இது இரண்டு பொதியாக வரும். முதல் பொதி தலைப்பு, மேளதாளத்தோடு வரும். இரண்டாவது திருத்தம். கிழமைகள் கழித்து, சில வேளை மாதங்கள் கழித்து, சத்தமில்லாமல் வந்து படியில் கிடக்கும். முக்கால்வாசிப் பேர் இரண்டாவதைப் பிரிப்பதே இல்லை. சாமானே அதற்குள்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

பற்றரிச் செய்தி தனி ரகம். ஐந்து நிமிடத்தில் சார்ஜ், ஆயுளுக்கும் ஒரே சார்ஜ் என்றெல்லாம் வாசித்து முடிக்கும்போது என் போனில் 9 வீதம் மிச்சம் இருக்கும். 2024 ஜனவரியில் சீனாவின் பீட்டாவோல்ட் நிறுவனம் 50 ஆண்டு ஓடும் அணுப் பற்றரியைக் காட்டியது. கதிரியக்க நிக்கல்-63இலிருந்து மின்சாரம். என் மச்சான் அன்றைக்கே சார்ஜரை விற்கப்போவதாக அறிவித்தான். சின்ன எழுத்தை வாசித்தால், பற்றரி தருவது 100 மைக்ரோவாட். ஒரு வாட் வேண்டுமென்றால் பத்தாயிரம் பற்றரி வேண்டும். ஒன்றின் அளவு 15க்கு 15க்கு 5 மில்லிமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 11 லீற்றருக்கு மேலே வரும். போனைச் சட்டைப் பையிலும் பற்றரியை வாளியிலும் கொண்டு திரிய வேண்டியதுதான். கொஞ்சம் மின்சாரம் போதும், யாரும் போய் மாற்ற முடியாது என்ற இடத்துச் சென்சருக்கு அது அருமையான பொருள். மச்சானுக்கு அது சரிவராது, அவ்வளவுதான்.

எல்கே-99 கூத்து நினைவிருக்கும். 2023 ஜூலையில் தென் கொரியக் குழு ஒன்று, அறை வெப்பநிலையிலேயே வேலை செய்யும் மீகடத்தி, அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள், கிடைத்துவிட்டது என்றது. ஈயம், செம்பு, பொஸ்பரஸ், ஒட்சிசன் சேர்ந்த கறுப்புக் கல் துண்டு. வீடியோவில் அது காந்தத்துக்கு மேலே மிதந்தது. முழுக்க மிதக்கவும் இல்லை, ஒரு பக்கம் எழும்பி மறுபக்கம் காந்தத்திலேயே குந்திக்கொண்டு நின்றது. அந்த அரைகுறை மிதப்புக்கே உலகம் இரண்டு கிழமை தூங்கவில்லை. அதற்குள் பல நாட்டு ஆய்வுகூடங்களில் அதே கல்லைச் சுட்டுப் பார்த்தார்கள். மின்தடை சடாரென்று விழுந்ததற்குக் காரணம் உள்ளே இருந்த செப்புச் சல்பைட்டு மாசு என்று கண்டார்கள். அது 104 பாகை செல்சியஸ் அளவில் தன் கட்டமைப்பை மாற்றிக்கொள்கிற பொருள். ஜேர்மனியின் மக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் மாசில்லாத பளிங்கை வளர்த்துப் பார்த்தார்கள். அது மின்சாரத்தைக் கடத்தவே மறுத்தது. மலையைக் கெல்லி எலி பிடித்த கதைதான். ஆனால் எலி பிடித்த விதம் இருக்கிறதே, அதைப் போல ஒரு துப்பறியும் கதையை நான் வாசித்ததில்லை.

வீட்டுப் பாவனைக்கு வருவோம். எங்கள் குடும்ப வட்ஸ்அப் குறூப்பின் அறிவியல் நிருபர் பெரியப்பா. 2024 டிசம்பர் 27இல் சிலியிலுள்ள தொலைநோக்கி ஒன்று கண்டுபிடித்த 2024 வைஆர்4 என்ற விண்கல், 2032 டிசம்பர் 22இல் பூமியில் மோதலாம் என்ற செய்தி வந்தது. கல் ஏறக்குறைய 60 மீட்டர். முதலில் வாய்ப்பு 1 வீதம் என்றார்கள், 2025 பெப்ரவரி 18இல் அது 3.1 வீதத்துக்கு ஏறியது. விழக்கூடிய பாதை கிழக்குப் பசுபிக்கில் தொடங்கி ஆபிரிக்கா, அரபிக் கடல் தாண்டித் தெற்காசியா வரை நீண்டது. பெரியப்பா விடியப்புறமே போன் எடுத்தார்.

"தம்பி, உது எங்கட பக்கமும் விழலாமாமே?"

"பெரியப்பா, நூறில மூண்டுதான். அதுவும் 2032இல."

"நூறில மூண்டு எண்டு லேசாச் சொல்லுறாய். நான் கிழமைக்கிழமை லொத்தர் எடுக்கிறன். அதில விழுறதுக்கு நூறில மூண்டு இருந்தா இப்ப ஏன் பஸ்ஸில போறன்?"

பதில் சொல்ல முடியாத கேள்வி. ஒரு வீதத்திலிருந்து மூன்றுக்கு ஏறியதுதான் அவரை அதிகம் கலக்கியது. கல் கிட்டக் கிட்ட வருகிறது, இவங்கள் எங்களுக்கு மறைக்கிறாங்கள் என்று முடிவு கட்டிவிட்டார். உண்மையில் அந்த எண் ஏறிவிட்டு விழுவதுதான் வழமை. அம்மா கண்ணாடியைத் தேடுவது மாதிரி. குசினியில் இல்லை என்றதும் சாமியறையில் இருக்கும் வாய்ப்பு கூடும், விறாந்தையிலும் இல்லை என்றதும் இன்னும் கூடும். கடைசியில் சாமியறையிலும் இல்லை, தலையில் இருக்கும். கல்லின் பாதை புதிய அவதானங்களால் குறுகக் குறுக, பூமி அதற்குள் நிற்கும்வரை வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும். பூமி வெளியே போன நொடியில் பொத்தென்று விழும். அப்படியே நடந்தது, ஒரு கிழமைக்குள் 0.01 வீதத்துக்கும் கீழே போய்விட்டது. பெரியப்பா அனுப்பிய பயங்கர வீடியோவுக்கு முப்பது பதில் வந்த குறூப்பில், நான் போட்ட இந்தத் திருத்தத்துக்குச் சித்தி மட்டும் கைகூப்பிய படம் ஒன்று போட்டார்.

எங்கள் பக்கம் வானத்திலிருந்து ஒன்றும் விழுவதே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2015 நவம்பர் 13, வெள்ளிக்கிழமை பகல், டபிள்யூ.ரி.1190எஃப் என்று பெயரிட்ட விண்குப்பை ஒன்று இலங்கையின் தெற்குக் கரைக்கு அப்பால் கடலுக்கு மேலே எரிந்தது. நாளும் நேரமும் முன்கூட்டியே கணித்துச் சொன்னபடியே வந்தது. விமானத்தில் போன விஞ்ஞானிகள் மேகத்துக்கு மேலே நின்று அதைப் படம் பிடித்தார்கள். கொழும்பில் எந்த பஸ்ஸும் அப்படி நேரத்துக்கு வந்ததை நான் கண்டதில்லை.

இனி, என் பாவனைக் காலத்தின் உச்சம். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு, முற்பகல் பதினொன்றரை மணியளவு. நாடு முழுக்கக் கரண்ட் போனது. மின்விசிறி நின்ற கணமே எங்கள் தொடர்மாடியில் எல்லாக் கதவும் திறந்தன. "உங்களுக்கும் இல்லையோ?" என்பது கொழும்புத் தொடர்மாடிகளின் தேசிய கீதம். மாவை அரைத்தபடியே விட்டு வந்த முன்வீட்டு அக்கா கையில் உழுந்தோடு நின்றார். கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது. பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு போய் முட்டியதுதான் காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொல்லியிருந்தார்.

அதற்குப் பிறகு சொல்ல வேணுமா? உலக ஊடகமெல்லாம் எங்கள் குரங்குதான். "அந்தக் காலத்தில அனுமார் வந்து இலங்கையைக் கொளுத்தினார், இந்த முறை நூத்துப் போட்டார்" என்று முன்வீட்டு அக்கா சொன்னதை மிஞ்சிய பகிடி ஒன்றை நான் அன்றைக்கு எங்கும் வாசிக்கவில்லை. மறுநாள் காலை பாணந்துறை பஸ்ஸில் ஏறும்போது கொண்டக்டரிடம் யாரோ சிங்களத்தில் குரங்கின் சுகம் விசாரித்தார்கள். பஸ்ஸே சிரித்தது.

சிரிப்போடு நின்றுவிட்டவர்கள் இழந்தது என்ன என்று இப்போது சொல்கிறேன். ஒரு குரங்கு ஓர் இடத்தில் முட்டினால் அந்த இடம்தான் இருட்டாக வேண்டும். யாழ்ப்பாணம் ஏன் இருண்டது? இதற்குப் பதில் பின்னால் வந்த, யாரும் ஃபோர்வர்ட் பண்ணாத விளக்கத்தில் இருந்தது. ஞாயிறு மத்தியானம், கந்தோர் கடையெல்லாம் பூட்டு, மின்தேவை குறைவு. வெயிலோ மண்டையைப் பிளக்கிறது, கூரையெங்கும் சோலார் உற்பத்தி உச்சம். அனல், நீர் மின்நிலையங்களில் சுழலும் இராட்சத ரேபைன்களின் எடைதான் வலையமைப்புக்குத் தாங்குசக்தி. எங்கேயாவது திடீரென்று மின்சாரம் குறைந்தால், அந்தச் சுழற்சியின் வேகம் உடனே விழாது. 50 ஹேர்ட்ஸ் அதிர்வெண் சரிவதற்குள் மற்ற நிலையங்கள் கைகொடுக்க அவகாசம் கிடைக்கும். சோலார் பனலில் சுழல ஒன்றும் இல்லை. அன்றைக்கு ரேபைன்களின் பங்கு குறைவு, சோலாரின் பங்கு அதிகம். ஒரு தட்டுத் தட்டியதும் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் கழன்றன. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றன. நிலக்கரி நிலையத்தை நினைத்தவுடன் மறுபடி மூட்ட முடியாது, ஆகவே அடுத்த நாட்களில் ஒன்றரை மணி நேர மின்வெட்டு. அதே ஆண்டு ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குக் கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி கேட்டார்கள். "வெயில் சும்மா வருது, ஏன் நிப்பாட்டச் சொல்லுறாங்கள்?" என்று பெரியப்பா கொதித்தார். பெப்ரவரியில் குரங்கோடு நிற்காமல் ரேபைன் வரை வாசித்தவர்களுக்கு அது புதினமாகவே படவில்லை.

செயற்கை நுண்ணறிவுச் செய்திகளைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை, அவை தாமாகவே எழுதிக்கொள்கின்றன. 2024 மேயில் கூகிளின் ஏஐ பதில், பீட்சாவில் சீஸ் வழுக்காமல் இருக்கப் பசை சேர்க்கச் சொன்னது. யாரோ பல வருடம் முந்தி விட்ட பகிடியை மெய்யென்று நம்பிய விளைவு. தினமும் ஒரு சின்னக் கல்லாவது சாப்பிடுங்கள் என்றும் சொன்னது. அதை வாசித்த அம்மா, "நாங்கள் சம்பா அரிசியில கனகாலமாச் சாப்பிட்டுக்கொண்டுதானே இருக்கிறம்" என்று ஒரே போடாகப் போட்டார். போனுக்கே சாவுமணி அடிக்கும் என்று வந்த, சட்டையில் குத்தும் ஹியூமேன் ஏஐ பின் என்ற கருவி, 699 டொலரும் மாதம் 24 டொலரும் வாங்கிக்கொண்டு, 2025 பெப்ரவரி 28இல் சேவையை நிறுத்திச் சட்டை ஊசி ஆனது. கூகிளின் வில்லோ குவாண்டம் சில்லு ஐந்து நிமிடத்தில் முடித்த கணக்குக்கு மற்றக் கணினிகள் ஒன்றுக்குப் பின் 25 பூச்சியம் போட்ட ஆண்டுகள் எடுக்குமாம். இதைச் சொன்னபோது ஐ.டி. தம்பி தலையைக்கூடத் தூக்கவில்லை. "எக்செல் திறக்குமோ அண்ணை?"

பக்கவிளைவு உண்டு. இரவில் பாவித்தால் நித்திரை கெடும். "விஞ்ஞானிகள் அதிர்ச்சி" என்று தொடங்கும் ரகத்தை நான் அறவே விட்டுவிட்டேன். தொழிலே அதுவான ஆட்கள் அப்படி அடிக்கடி அதிர்ந்துபோக மாட்டார்கள். ஒரு தலைப்பு பிடித்துவிட்டால் சேமித்து வைத்து இரண்டு கிழமை கழித்துத் தேடுவேன். அதற்குள் பாதி தானாகவே செத்திருக்கும். மிச்சப் பாதிக்கு நல்ல விளக்கம் யாராவது எழுதியிருப்பார்கள்.

முழு நட்சத்திரமும் கொடுக்கக்கூடியதாக ஒன்று கிடைத்தது, அது வொயேஜர் 1 பழுதுபார்த்த கதை. 1977இல் அனுப்பிய விண்கலம் 2023 நவம்பரிலிருந்து அர்த்தமில்லாமல் உளறத் தொடங்கியது. நினைவகத்தில் ஒரு சில்லு செத்திருந்தது. போய் மாற்ற வழியில்லை, 2,400 கோடி கிலோமீட்டர். சில்லில் இருந்த நிரலைத் துண்டு துண்டாக்கி, மிச்ச நினைவகத்தில் கிடைத்த இடுக்குகளில் ஒளித்து வைத்தார்கள். கட்டளை போய்ச் சேர இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர அதேயளவு. 2024 ஏப்ரலில் கலம் மறுபடி ஒழுங்காகக் கதைத்தது. 2026 நவம்பரில் அது பூமியிலிருந்து ஓர் ஒளிநாள் தொலைவைத் தொடும், அதாவது ஒரு சேதி அனுப்பிப் பதில் வாங்க இரண்டு முழு நாள். பெரியப்பாவுக்கு இதைப் பொறுமையாக விளங்கப்படுத்தினேன். ஒரு நிமிடம் யோசித்தார்.

"ரெண்டு நாளில மறுமொழி வருதோ? அப்ப பரவாயில்லை. என்ட மூத்தவன் கனடாவில இருந்து ரெண்டு நீலக் கோடு போட்டு ஒரு கிழமையாச்சு."