பக்கத்து ஸ்டேட்ல சீப்பா ரைபிள்னு யாராவது சொன்னா உஷார்! வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆளுங்க படிங்க

எக்ஸ் சர்வீஸ்மேன் இருக்கிற வீட்டுக்கெல்லாம் இந்தப் பதிவு போய்ச் சேரணும், அதான் கொஞ்சம் நீளமா எழுதறேன். பட்டாளத்துல இருந்து ரிட்டயர்டு ஆகி வந்தவங்களுக்கு பேங்க்ல, கேஷ் வேன்ல கன்மேன் வேலை கிடைக்கும், ஆனா நிறைய எடத்துல சொந்த லைசென்ஸ், சொந்த துப்பாக்கி இருக்கான்னு தான் மொதல்ல கேப்பாங்க. இத தெரிஞ்சிக்கினு ஒரு கும்பல் நம்ம ஜில்லாவச் சுத்தி வேலை பாத்துக்கினு இருக்கு. எங்க மாமா கிட்ட 60,000 ரூபா அடிச்சிட்டானுங்க. பணத்தோட போச்சே, மனுஷன் ஜெயிலுக்குப் போயிருக்க வேண்டியது.

மாமாவுக்கு கம்மவான்பேட்டை பக்கம், அந்தப் பக்கம் பட்டாளத்துக்காரங்க இல்லாத வீட்டத் தான் தேடணும். ஹவில்தாரா வெளிய வந்தாரு. லைசென்ஸ் விஷயத்துல எல்லாமே முறையா தான் பண்ணாரு, கலெக்டருக்கு அப்ளிகேஷன், போலீஸ் வெரிஃபிகேஷன், மெடிக்கல், எல்லாம் முடிஞ்சி யுஐஎன்னு ஒரு தனி அடையாள நம்பரோட லைசென்ஸ் புக் கைக்கு வந்துச்சு. அதுல நான்-ப்ரொஹிபிட்டட் போர் (தடை இல்லாத குழல் அளவு) ரைபிள் ஒன்னுன்னு எழுதியிருக்கு, ஏரியா வேலிடிட்டி, அதாவது லைசென்ஸ் செல்லுபடியாகற எல்லை, தமிழ்நாடு. இந்த ஏரியா மேட்டர ஞாபகம் வெச்சிக்கோங்க, அப்புறம் வரும்.

புது ரைபிள் விலை ஜாஸ்தின்னு பழசு தேடிக்கினு இருந்தப்போ தான் செக்யூரிட்டி ஏஜென்சில வேலை செய்யற யாரோ மூலமா ஒரு ப்ரோக்கர் நம்பர் வந்துச்சு. ஆளு ஆந்திரா பக்கம், நல்லா தமிழ் பேசறான். ".315 இஷாப்பூர் ரைபிள் சார், ஓனர் எறந்துட்டாரு, பையன் விக்கறாரு, ஒன்னரை லட்சம், ரவுண்டு 20 ஃப்ரீ"ன்னு போட்டோ அனுப்பினான். சித்தூர் நமக்கு இன்னா தூரம், காட்பாடி தாண்டி கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட் போனா அப்பால ஆந்திரா தான், நம்ம ஆளுங்க பாதி பேருக்கு அது வெளி ஸ்டேட்டுன்னே தோணாது. "நாளைக்கி வேற பார்ட்டி வராரு"ன்னு அவசரப்படுத்தி 60,000 அட்வான்ஸ் வாங்கிட்டான், லைசென்ஸ் புக்கோட போட்டோவும் எல்லா பக்கமும் வாட்ஸ்அப்ல வாங்கிட்டான். பணம் போனது வேற ஏதோ ஒரு லேடி பேர்ல இருக்கற அக்கவுண்டுக்கு.

அப்புறம் துப்பாக்கிய பாக்க நானும் மாமாவும் போனோம். ஒரு மாந்தோப்பு வீட்டுல கோணிப்பைல சுத்தி வெச்சிருந்தானுங்க. மாமா கையில எடுத்தாரு, போல்ட்ட இழுத்தாரு, வெளிச்சத்துல பேரல் உள்ள பாத்தாரு, திருப்பி நம்பர் இருக்கற எடத்த கட்ட விரலால தடவினாரு. அங்க அரம் போட்டு ராவி மேல கறுப்பு அடிச்சிருக்கு. இன்னொரு டவுட்டும் அவருக்கு வந்துச்சு. நம்ம கவர்மென்ட் இஷாப்பூர் துப்பாக்கி ஃபேக்டரி .315, பழைய .303 லீ என்ஃபீல்டு மாதிரியே தான் இருக்கும், அந்த மாடல்ல செஞ்சது தானே, சாதாரண ஆளுக்கு வித்தியாசம் தெரியாது. .315 நான்-ப்ரொஹிபிட்டட், நம்ம லைசென்ஸ்ல வாங்கலாம். .303 ப்ரொஹிபிட்டட் போர், அதுக்கு சென்ட்ரல் கவர்மென்ட் ஸ்பெஷல் பர்மிஷன் வேணும், இல்லாம வெச்சிருந்தா 2019 திருத்தத்துக்கு அப்புறம் மினிமமே 7 வருஷம், 14 வரைக்கும் போகும். அது எதுன்னு இன்னி வரைக்கும் எங்களுக்குத் தெரியாது, நம்பர் இல்லாதப்போ எத வெச்சி சொல்றது.

பேப்பர் எங்கன்னு கேட்டா அப்பாவோட லைசென்ஸ் தொலஞ்சிடுச்சாம். அதுக்கு பதிலா நூறு ரூபா பத்திரத்துல விற்பனை ஒப்பந்தம்னு டைப் அடிச்சி நோட்டரி சீல் போட்டு ரெடியா வெச்சிருக்கான். "நீங்க எடுத்துக்கினு போயிடுங்க சார், உங்க கலெக்டர் ஆபீஸ்ல மெதுவா என்ட்ரி போட்டுக்கலாம், எல்லாரும் அப்படித்தான்"ன்றான். வண்டியா வாங்கறோம், மெதுவா பேர் மாத்திக்க? மாமா ஒன்னும் பேசல, துப்பாக்கிய கீழ வெச்சிட்டு "பாத்துட்டு சொல்றேன்பா"ன்னு எழுந்துட்டாரு. வெளிய வந்து தான் "மாப்ள, வண்டிய எடு, திரும்பிப் பாக்காத"ன்னாரு.

சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ்ல துப்பாக்கி லைசென்ஸ் செக்‌ஷன்ல ஒரு அக்கா இருந்தாங்க, உக்கார வெச்சி பொறுமையா சொன்னாங்க, அப்புறம் எங்க சொந்தக்கார வக்கீலும் ஆர்ம்ஸ் ஆக்ட் 1959 புக்க எடுத்து வெச்சி அதையே சொன்னாரு. லைசென்ஸ் வெச்சிருக்கற தனி ஆளு தன்னோட துப்பாக்கிய இன்னொரு லைசென்ஸ் ஆளுக்கு விக்கலாம், தப்பில்ல. ஆனா விக்கப் போறேன்னும் யாருக்கு விக்கறேன்னும் அவரு கலெக்டருக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுத்துல குடுத்து 45 நாள் முடிஞ்சிருக்கணும், அது 5ஆவது செக்‌ஷன். ஓனர் செத்துட்டாருன்னா கதையே வேற. வாரிசு அத வீட்டுல வெச்சிருக்கறதே கூடாது, ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள டீலர் கிட்டயோ டெபாசிட் பண்ணணும், அங்க இருந்து தான் வாரிசு முறைப்படி விக்க முடியும், இது 21ஆவது செக்‌ஷன். மாந்தோப்புல கோணிப்பைல இருக்கற சரக்கு எந்தக் கணக்குலயும் வராது. நோட்டரி சீலுக்கு இங்க மதிப்பே கெடையாது, துப்பாக்கி கை மாறணும்னா லைசென்ஸ் புக்ல என்ட்ரி ஏறணும்.

நம்பர் ராவுன மேட்டர் தான் எனக்கு வயித்த கலக்குச்சு. 8ஆவது செக்‌ஷன் படி நம்பர் அழிச்ச துப்பாக்கி யார் கையில இருக்கோ அவன் தான் அழிச்சான்னு சட்டம் எடுத்துக்கும், நான் இல்லன்னு நாம தான் நிரூபிக்கணும். அதாவது செக்போஸ்ட்ல மாட்டியிருந்தா ப்ரோக்கர் ஹாயா வீட்டுல இருப்பான், வருஷக்கணக்கா துப்பாக்கி புடிச்சி நாட்டுக்கு காவல் காத்த மனுஷன் கைதியா நிப்பாரு. ஏரியா மேட்டரும் இருக்கு இல்ல, தமிழ்நாடு மட்டும்னு எழுதுன லைசென்ஸ வெச்சிக்கினு ஆந்திரா ரோட்ல ரைபிள எடுத்துக்கினு வந்தா அதுவே கண்டிஷன் மீறல், துப்பாக்கி ஒரிஜினலா இருந்தாலும் சரி. வெளி ஸ்டேட்ல வாங்கணும்னா மொதல்ல நம்ம கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்து பர்மிஷன் வாங்கிட்டு தான் அடுத்த வேலை. ஃப்ரீ ரவுண்டும் அப்படித்தான், தோட்டாவும் லைசென்ஸ்ல போட்டிருக்கற கணக்குக்குள்ள, பில்லோட வரணும்.

வேணாம், அட்வான்ஸ திருப்பிக் குடுன்னு கேட்டதும் அவன் பேச்சே மாறிடுச்சு. "உங்க லைசென்ஸ் காப்பி என் கிட்ட இருக்கு, பாக்கிய குடுத்துட்டு எடுத்துக்கினு போங்க, இல்லன்னா நீங்க தான் ஆர்டர் குடுத்தீங்கன்னு நான் சொல்லுவேன்"ன்னு மெரட்டறான். அது எடுபடலன்னதும் மறுநாளே கொழையறான், "லைசென்ஸ் ஏரியா தான ப்ராப்ளம், ஜம்மு காஷ்மீர்ல ஆல் இந்தியா லைசென்ஸ் போட்டுத் தரேன், துப்பாக்கியும் சேத்து பேக்கேஜ்"னு. அந்த காஷ்மீர் லைசென்ஸ் கதை தெரியாதவங்களுக்கு: 2012ல இருந்து 2016க்குள்ள அங்க 2.78 லட்சம் லைசென்ஸ் முறைகேடா குடுத்துட்டாங்கன்னு சிபிஐ கேஸே நடக்குது. 2021ல கேரளாவுல கேஷ் வேன் செக்யூரிட்டி ஆளுங்கள இதே மாதிரி போலி காஷ்மீர் லைசென்ஸோட புடிச்சி உள்ள வெச்சாங்க. ஏஜென்சி முதலாளிய நம்பி வாங்குன பாவப்பட்டவங்க தான் அதுல நிறைய பேரு இருப்பாங்கன்னு நெனைக்கறேன்.

ஸ்டேஷன்ல கம்ப்ளைன்ட் குடுக்கப் போனா மொதல்ல "சம்பவம் ஆந்திராவுல, அங்க போய் குடுங்க"ன்னாங்க. வக்கீல் கூட வந்து, புது கிரிமினல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ல 173ஆவது செக்‌ஷன் படி எந்த ஏரியா குத்தமா இருந்தாலும் இங்க தகவல் வாங்கி ஆகணும்னு எடுத்து சொன்னப்புறம் சிஎஸ்ஆர் (புகார் வாங்குனதுக்கு ரசீது) போட்டுக் குடுத்தாங்க, எஃப்ஐஆர் இன்னும் இல்ல. பணம் வரும்னு மாமாவே நம்பல, ஆனா லைசென்ஸ் காப்பி அவன் கிட்ட மாட்டிக்கினு இருக்கு, அத வெச்சி வேற எங்கயாவது எதாவது பண்ணா நாங்க முன்னாடியே சொல்லிட்டோம்னு காட்ட ஒரு பேப்பர் வேணும் இல்ல. அதனால கலெக்டர் ஆபீஸ்லயும் ஒரு மனு குடுத்து சீல் போட்ட காப்பி வாங்கி வெச்சிட்டாரு. உங்க கிட்டயும் யாராவது லைசென்ஸ் காப்பி வாங்கிட்டு ஆள் எஸ்கேப்னா இத உடனே பண்ணிடுங்க.

இப்போ அதே ரைபிள் போட்டோ வேற நம்பர்ல இருந்து குடியாத்தம் பக்கம் சுத்துதுன்னு கேள்விப்பட்டேன், இந்த தடவ வெல 1,20,000 ஆம். கட்டையோட எடது பக்கம் கீறல் நீளமா, ஸ்லிங் மாட்டற வளையம் ஒன்னு துரு புடிச்சி, பின்னாடி பச்சை கலர் சாக்கு. அந்த போட்டோ உங்களுக்கு வந்தா பதில் போடாதீங்க, லைசென்ஸ் புக்க அனுப்பவே அனுப்பாதீங்க, நம்பர மட்டும் எனக்கு தட்டி விடுங்க, கம்ப்ளைன்ட்ல சேத்துடறோம்.