மார்கழிப் பனியில் அணையும் புள்ளிகள்: எல்.இ.டி. எழுத்துப் பலகையோடு சில குளிர்காலங்கள்

கவுந்தப்பாடியில் புதிதாகக் கடை திறக்கவிருக்கும் நண்பர், கோபிச்செட்டிபாளையத்தில் எங்கள் கடை முகப்பில் இருப்பதைப் போன்ற எல்.இ.டி. எழுத்துப் பலகையைத் தாமும் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். இப்போது விலையும் நன்றாக இறங்கியிருக்கிறதாம். எழுத்தின் வடிவில் செய்த பெட்டியான அலுமினிய எழுத்துக்கூடு, முகப்பில் அக்ரிலிக், உள்ளே 12 வோல்ட் மாட்யூல்கள் (சிறு எல்.இ.டி. விளக்குத் துண்டுகள்), பின்னால் ஏ.சி.பி. எனப்படும் அலுமினியத் தகடு பதித்த பலகை என்ற அமைப்பை அவர் நேரிலேயே பார்த்திருப்பதால் அதை விவரிக்கப் போவதில்லை. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பு இருந்த டியூப்லைட் வைத்த ஃபிளெக்ஸ் பெட்டி ஆடிக் காற்றில் கிழிந்துகொண்டே இருந்தது. இந்தப் பலகை அந்தக் காற்றுக்கு அசைந்ததே இல்லை. மின்செலவு குறைந்திருக்கிறது, வெளிச்சம் கண்ணை உறுத்துவதில்லை, ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையையும் இது தாங்கியிருக்கிறது.

தாங்காதது பனியை. எங்கள் கடைப் பெயர் ‘டிரேடர்ஸ்’ என்று முடிகிறது. மார்கழி பிறந்ததும் அந்தச் சொல்லின் புள்ளிகள் மங்கத் தொடங்குகின்றன. தை பிறப்பதற்குள் ஏதாவது ஒன்று அணைந்து, சாலையில் போகிறவர்களுக்குக் கடையின் பெயர் ‘டிரேடரஸ்’ என்றோ ‘டிரேடர்ஸ’ என்றோ தெரிகிறது. பெரிய எழுத்துகள் எல்லாம் ஒளிர்ந்துகொண்டிருக்க, ஒரு சிறு புள்ளி அணைந்ததால் பெயரே பிழையாகிவிடுவது எனக்கு ஒவ்வொரு முறையும் தாங்க முடியாத எரிச்சலைத் தருகிறது. இந்தப் பலகையைப் பற்றிய என் மனக்குறை முழுவதும் அந்தப் புள்ளிகளில்தான் இருக்கிறது.

காரணம் தெரியாமல் இல்லை. கொடிவேரி அணையிலிருந்து வரும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களின் பாசன வயல்கள் சூழ்ந்த ஊர் இது. குளிர்கால இரவுக் காற்றில் ஈரம் மிகுதி. மாலை முழுவதும் எரியும் விளக்கின் சூட்டில் எழுத்துக்கூட்டின் உள்ளே இருக்கும் காற்று விரிந்து, ஒரு பகுதி வெளியேறுகிறது. இரவு விளக்கை அணைத்ததும் கூடு குளிர்ந்து, உள்ளே இருப்பது சுருங்க, ஒயர் நுழையும் ஓட்டை வழியாகவும் பசையின் விரிசல் வழியாகவும் ஈரக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. குளிர்ந்த மோர்ச் செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போல, அந்த ஈரம் அக்ரிலிக்கின் உட்புறத்தில் துளிகளாகப் படிகிறது. புள்ளி என்பது ஒற்றை மாட்யூல் கொண்ட தனிக் குட்டிக்கூடு. அதில் பகலில் சேரும் சூடு குறைவு, இரவில் அது குளிர்வதோ விரைவு. துளிகள் வழிந்து அடியில் தேங்கி, ஒயர் இணைப்பின் செம்பில் பச்சை பிடிக்கவைத்து, கடைசியில் இணைப்பையே அறுத்துவிடுகின்றன.

விற்றவரிடம் முறையிட்டபோது, மாட்யூல் ஐ.பி. 67 தரம் உடையது, தண்ணீரால் கெடாது என்ற பதிலையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை. 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் கேடு வராது என்பதுதான் அந்த எண்ணின் பொருள். ஆனால் அது மாட்யூலுக்குக் கிடைத்த சான்று. அதன் இரண்டு ஒயர்களை முறுக்கி, டேப் சுற்றி விட்டிருக்கும் இணைப்புக்கு அந்தச் சான்று எப்படிப் பொருந்தும்? அவர் அனுப்பிய ஆள் வந்து, இருந்த இடைவெளிகளை எல்லாம் புளித்த காடி நெடி அடிக்கும் சிலிகானால் அடைத்துவிட்டுப் போனார். அந்த வகைச் சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். அது செம்புக்கு ஆகாது. அதோடு, அக்ரிலிக் வெயிலில் அலுமினியத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு விரிவதால், பட்டையாக அப்பிய பசை ஓரத்தில் பிரிந்துகொண்டது. உள்ளே போன ஈரத்துக்கு வெளியேற வழி மட்டும் அடைபட்டது.

வேறோர் எலெக்ட்ரீசியன்தான் விஷயத்தைப் புரிந்துகொண்டார். “மழை பேஞ்சா ஒண்ணும் ஆகறதில்லைங்க, பனி பேஞ்சாத்தான் உள்ள தண்ணி நிக்குதுங்க. ஓட்டைய அடைக்காதீங்க, அடியில ஓட்டை போடுங்க” என்றார். ஒவ்வொரு கூட்டின் தாழ்ந்த இடத்திலும் சிறு துளை போட்டு, குளவி கூடு கட்டாதபடி உட்புறம் மெல்லிய வலை ஒட்டினார். ‘ட’ போன்ற தட்டையான அடி உள்ள எழுத்துகளுக்கு இரு முனைகளிலும் துளை வேண்டும் என்றார். ஒயர்களை நுழையும் இடத்துக்குக் கீழே தொங்கவிட்டு மேலேற்றினார். ஒயர் வழியே வரும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். இணைப்புகளை ஈயம் வைத்துப் பற்றி, உட்புறம் பசை உள்ள, சூடு பட்டால் சுருங்கும் குழாயால் மூடினார். வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி பலகைக்குப் பின்னால் திறந்தவெளியில் கிடந்தது; அதைக் கடைக்குள் கொண்டுவந்தார். அப்படிப் பெட்டியைத் தள்ளி வைக்கிறவர்கள் ஒயரின் தடிமனைக் கவனிக்க வேண்டும்: 10 ஆம்பியர் ஓடும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 5 மீட்டர் தூரம் போய்த் திரும்பினால் 1 வோல்ட்டுக்கு மேல் குறைந்துவிடும். 12 வோல்ட்டில் அது பெரிய இழப்பு.

இந்தப் பழுதுபார்ப்புக்குப் பிறகு பெரிய எழுத்துகளில் பனிப்படலம் வெயில் ஏறும்போதே மறைந்துவிடுகிறது. புள்ளிகளிலும் தண்ணீர் தேங்குவதில்லை. இருந்தும் இந்த வாரம் கடைசி ‘ஸ்’ மீண்டும் புள்ளியை இழந்து நிற்கிறது. பழைய பச்சை பிடித்த இணைப்பு ஒன்று எஞ்சியிருந்திருக்கிறது.

ஆகவே, இவ்வளவு பாராட்டிய பின்னும், நண்பருக்கு என் பதில் ‘வேண்டாம்’ என்பதுதான். பெயிண்டில் எழுதிய தகரப் பலகையும், மேலிருந்து வெளிச்சம் விழும்படி இரண்டு எல்.இ.டி. ஃபிளட் விளக்குகளும் கவுந்தப்பாடிக் கடைக்குப் போதும். அதில் ஒரு விளக்கு அணைந்தாலும் பெயர் பிழையாகாது. என் பலகையை நான் கழற்றப் போவதில்லை, அதன் அழகு எனக்குப் பிடித்திருக்கிறது. அவரும் இதுதான் வேண்டும் என்று உறுதியாக இருந்தால், புரட்டாசிக்குள் வேலையை முடிக்கச் சொல்லட்டும். புள்ளி உட்பட ஒவ்வொரு கூட்டின் அடியிலும் துளை இருப்பதைத் தரையில் வைத்தே பார்த்துவிட்டு, அதன்பிறகு மேலே ஏற்ற விடட்டும்.