மும்மொழி உலகப்படம்: ‘மத்திய கிழக்கு’ எங்கே முடிகிறது?

கிளிநொச்சி, வவுனியா புத்தகசாலைகளில் சுருட்டி வைத்து விற்கிற மும்மொழிச் சுவர்ப்படத்தை, புவியியல் படிப்பிக்கிறவர்களுக்காகப் பார்த்து எழுதியது இது. படம் குறுக்கே ஏறத்தாழ 1 மீற்றர். மத்திய கோட்டில் 1 சென்ரிமீற்றர் என்றால் 400 கிலோமீற்றர். அந்த அளவில் முழு இலங்கையும் ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடத்தான், ஆகவே வன்னியைத் தேட வேண்டாம். நிறங்கள் தெளிவு. பின்வாங்கில் இருக்கிற பிள்ளைக்கும் நாடுகளின் எல்லை தெரியும்.

லமினேற் சுமார். தகரக் கூரை வகுப்பறையின் வெக்கையில் பசை இளகி ஓரம் கிளம்பும். மார்கழி மழையில் அதற்குள்ளால் ஈரம் இறங்கி, தாள் அலையலையாக வீங்கும். வாங்கின அன்றே நான்கு ஓரத்திலும் அகலமான தெளிவு ரேப்பை முன்னுக்குப் பாதி பின்னுக்குப் பாதியாக மடித்து ஒட்டிவிடுங்கள். அடிச்சட்டத்தின் இரு முனையிலும் பின்பக்கமாகப் போத்தல் மூடி ஒட்டினால் படம் ஈரச்சுவரில் படாது.

பெரிய குறை பெயர்களில்தான். அரபுக் குடாநாட்டின் மேல் ஆங்கிலத்தில் ‘மிடில் ஈஸ்ட்’, சிங்களத்தில் ‘மெத பெரதிக’, தமிழில் ‘மத்திய கிழக்கு’ என்று மூன்றும் சரியாகவே இருக்கின்றன. அட்டவணைக்குப் போனால் அதே ஆங்கிலப் பெயருக்கு எதிரே தமிழில் ‘மேற்காசியா’. இலங்கைப் பாடநூல் வழக்கையும் இந்திய வழக்கையும் கலந்துவிட்டார்கள் போலும். ஒன்று மற்றதற்குப் பதிற்சொல் என்றால் விட்டுவிடலாம்; இவை இரண்டும் அடக்குகிற நாடுகளே வேறு. ஐ.நா. புள்ளிவிபரப் பிரிவின் மேற்கு ஆசியாவில் ஆர்மீனியா, அசர்பைஜான், ஜோர்ஜியா, சைப்பிரஸ் உட்பட 18 நாடுகள். எகிப்து வட ஆபிரிக்காவுக்குப் போய்விடும். ஈரான் தென் ஆசியாவுக்குள், இலங்கையோடு ஒரே பட்டியலில் வரும். வழக்கமாக மத்திய கிழக்கு என்கிறபோது எகிப்தும் ஈரானும் கட்டாயம் உள்ளே. ஜோர்ஜியாவை யாரும் நினைப்பதில்லை. இந்தப் படமோ ஈரானை உள்ளே வைத்து எகிப்தை வெளியே விடுகிறது. இரண்டு பட்டியலுக்கும் பொருந்தாத எல்லை.

எல்லை இப்படி ஆடுவதற்குக் காரணம் பெயரின் பிறப்பு. அதைப் பரவச் செய்தவர் அமெரிக்கக் கடற்படை அதிகாரி அல்பிரட் தயர் மஹான். 1902 இல் இலண்டன் சஞ்சிகை ஒன்றில் எழுதிய கட்டுரையில், பாரசீக வளைகுடாவைச் சூழ்ந்த பகுதியை இப்படிக் குறித்தார். அதே ஆண்டில் ரைம்ஸ் பத்திரிகையின் வலண்டைன் சிரோல் அதைப் பிடித்துக்கொண்டு, இந்தியாவுக்கு வரும் வழிகளைக் காக்கிற நிலம் முழுவதற்கும் நீட்டினார். ஒட்டோமன் நிலங்கள் அப்போது அண்மைக் கிழக்கு, சீனப் பக்கம் தூர கிழக்கு. 1939 இல் பிரித்தானியப் படையின் மத்திய கிழக்குக் கட்டளைப்பீடம் கெய்ரோவில் அமைந்ததோடு எகிப்தும் இந்தப் பெயருக்குள் நிலைத்தது. படைத்தேவைக்குப் போட்ட கோடு, ஆகவே தேவைப்படி நகர்ந்தது.

விசித்திரம் என்னவென்றால், அங்கே வாழ்கிறவர்களும் இதை அப்படியே மொழிபெயர்த்து எடுத்துக்கொண்டார்கள்: அரபியில் அஷ்ஷர்க் அல்அவ்ஸத், பாரசீகத்தில் காவர்-எ மியானே, துருக்கியில் ஓர்த்தா தோவு. தனக்கு மேற்கே கிடக்கும் நிலத்தைச் சீன மொழியும் ‘நடுக்கிழக்கு’ என்றே சொல்கிறது. ஜேர்மனும் ரஷ்யனும் போன்றவை பெரும்பாலும் ‘அண்மைக் கிழக்கு’ என்பதோடு நிற்கின்றன. அரபியின் சொந்தப் பிரிப்பு வேறு: சூரியன் எழும் பக்கம் மஷ்ரிக், மறையும் பக்கம் மஃரிப். மன்னார், முசலிப் பக்கப் பிள்ளைகளுக்கு மஃரிப் தொழுகை தெரியும். அந்தச் சொல்தான் மொரோக்கோவின் அரபிப் பெயரும். படத்தில் இதற்கு ஒரு வரி இடம் கொடுத்திருக்கலாம்.

வகுப்பில் அதிகம் வருகிற பிழை, மத்திய கிழக்கையும் மத்திய ஆசியாவையும் ஒன்றாக்கி உஸ்பெகிஸ்தானை எழுதுவது. இரண்டுக்கும் படம் ஒரே இளமஞ்சளைப் பூசியிருப்பதால் இந்தக் குழப்பம் இன்னும் கூடும். வெள்ளைப்பலகை மார்க்கரால் இரண்டையும் வேறு வேறாக வளைத்துக் காட்டுங்கள். அன்றே துடைக்க வேண்டும், வெக்கையில் இரண்டு நாள் விட்டால் கறை போகாது. நிரந்தர மார்க்கர் வேண்டவே வேண்டாம்.

பிறகு ஒரு நூலைக் கிளிநொச்சி இருக்கும் இடத்திலிருந்து ரியாத்துக்கு இழுங்கள். ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர், மேற்கும் வடமேற்கும் கலந்த திசை. அதே நூலை இலண்டனிலிருந்து இழுத்தால் கிழக்கும் தெற்குமாக இறங்கும். யாருக்குக் கிழக்கு என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். ‘அரபு நாடு’, ‘மிடில் ஈஸ்ட்’ என்று வீட்டில் கேட்கிற பேரும் அங்கே வந்து சேரும்.

நிலத்தோற்றம், ஆறுகள், தலைநகரங்களுக்கு வாங்கலாம். பிராந்தியப் பெயர்களுக்கு இதை நம்ப வேண்டாம். அட்டவணையின் ‘மேற்காசியா’ வரியின் மேல் ஒரு வெள்ளை ஸ்ரிக்கரை ஒட்டி, எந்தப் பட்டியலைப் பின்பற்றுகிறீர்கள் என்று அதில் எழுதிவிட்டுத் தொங்கவிடுங்கள்.